தடை உத்தரவும் தினக் கூலியும்

மண்ணையும் நீரையும் கெடுக்கும் தொழில்முறைகளைக் கைவிட்டு, நமக்குப் பின் வருவோர்க்கும் எஞ்சி நிற்கக்கூடிய முறைகளுக்கு நாடு மாறவேண்டும் என்பதில் இவ்விதழைப் படிக்கும் அங்கத்தினர் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க இயலாது. வைகைப் பாசனத்தில் உழுபவர்களும், அதே சமவெளியில் நூலுக்குச் சாயமேற்றி நெய்பவர்களும் சேர்ந்து நடத்துவது நமது இயக்கம். ஆறு கெட்டால் முதலில் கெடுவோர் யார் என்பதை நமக்கு எவரும் வந்து போதிக்க வேண்டியதில்லை. ஆயினும், மாறவேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றுவதோடு நமது கடமை தீர்ந்துவிடுவதாக நாம் கருதவில்லை. மாறுகின்ற இடைக்காலத்தில் எவருடைய வீட்டில் அடுப்பு அணைகிறது, அதை மூட்டிக் கொடுக்கும் பொறுப்பு எவருடையது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. இக்கேள்விக்கு விடை கூறாமலே பிறப்பிக்கப்பட்ட உத்தரவுகள் நமது நாட்டில் பல. அவற்றுள் ஒன்றை நமது மாவட்டமே கண்டிருக்கிறது.

மேலூர் வட்டாரம் பெரியாற்றுப் பாசனத்தின் ஒருபோக ஆயக்கட்டு. 1895-இல் முல்லைப் பெரியாற்று அணை திறக்கப்பட்ட பின்னர் அதன் நீர் இப்பகுதிக்கு வந்து சேர்ந்தது என்றாலும், கடைமடை என்பதால் கால்வாய் நீரை மட்டும் நம்பி இங்கு எவரும் நாற்றுப் பாவியதில்லை. கண்மாய்களே இங்கு உயிர். அத்தகைய பூமியில் கிரானைட் குவாரிகள் பெருகிய காலத்தில், குன்றுகள் குடையப்பட்டதோடு, வரத்துக் கால்வாய்களும் கண்மாய்களும் கழிவுக் கற்களால் மூடப்பட்டன. 2012 மே மாதத்தில் அப்போதைய மாவட்ட ஆட்சியர் திரு. உ. சகாயம் அரசுக்கு அனுப்பிய அறிக்கை, அரசுக்கு ஏற்பட்ட இழப்பை 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என மதிப்பிட்டது. அவ்வாண்டின் ஆகஸ்டு மாதத்திலிருந்து குவாரிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கீழவளவு, கீழையூர் முதலிய ஊர்களின் உழவர்கள் பெருமூச்சு விட்டனர். அவர்கள் மகிழ்ந்தது நியாயமே. அந்த மகிழ்ச்சியில் நாமும் பங்கு கொண்டோம்.

ஆனால் அதே ஊர்களில் கல்லில் துளையிட்டவர், கிரேன் ஓட்டியவர், லாரி ஓட்டியவர், பட்டறைகளில் கல்லை மெருகேற்றியவர், இவர்களை நம்பித் தேநீர்க் கடை வைத்தவர் என்று ஒரு பெருங்கூட்டம் இருந்தது. குவாரி பூட்டப்பட்ட மறுநாள் அவர்களுக்குக் கூலி இல்லை. கற்கள் எண்ணப்பட்டன, கண்மாய்கள் அளக்கப்பட்டன, 2014-இல் உயர் நீதிமன்றம் திரு. சகாயத்தையே சட்ட ஆணையராக நியமித்து விரிவான விசாரணை நடத்தச் செய்ய, 2015 நவம்பரில் அவரது அறிக்கையும் சமர்ப்பிக்கப்பட்டது. இவையெல்லாம் வேண்டியவையே. எனினும் அந்த ஆண்டுகளின் விவாதங்களில் கல்லுடைத்தவனின் தினக் கூலி பேசப்பட்ட அளவு மிகச் சொற்பம். குவாரிகளை மீண்டும் திறக்குமாறு மனுக் கொடுத்தவர்களுள் தொழிலாளிகளும் இருந்தனர் என்பதைக் கண்டு சிலர் அவர்களை முதலாளிகளின் கையாட்கள் என்று ஏசினர். பசித்தவன் பூட்டிய கதவைத் தட்டுவான். கதவுக்கு உட்புறம் இருப்பவர் யோக்கியரா அல்லரா என்று விசாரித்த பின்னர் தட்டுவான் என எதிர்பார்ப்பது, வேளைக்குச் சோறு கிடைப்பவர்களின் வழக்கம்.

மேலூரைக் காட்டிலும் பெரிதும், நெசவு உழவு ஆகிய இரு தொழிலையும் ஒருசேரத் தொட்டதுமான நிகழ்ச்சி திருப்பூரில் நடந்தது. அதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம். ஏனெனில் பனியன் தொழிலுக்கென நமது தென்மாவட்டங்களிலிருந்து சென்று குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அங்கு பட்டறை மூடினால் பெட்டி படுக்கையுடன் மாட்டுத்தாவணியில் வந்து இறங்குவோர் நம்மவர்களே.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் நொய்யல், ஒரு காலத்தில் வரிசையாகக் குளங்களை நிரப்பிச் சென்ற ஆறு. ஏற்றுமதி பெருகப் பெருக, துணியை வெளுத்துச் சாயமிடும் பட்டறைகள் அதன் கரையில் நூற்றுக்கணக்கில் எழுந்தன. சாயம் துணியில் பிடிக்க உப்பு வேண்டும். சாயநீரின் நிறத்தைப் போக்கும் வழிகள் இருந்தன. அந்த உப்பைப் பிரித்தெடுக்கும் வழியைத்தான் எவரும் கைக்கொள்ளவில்லை. ஆற்றின் கீழே பாசனத்துக்கென 1992 வாக்கில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, உப்புநீரைத் தேக்கி வைக்கும் தொட்டியாயிற்று. அணையைத் திறந்தால் ஆயக்கட்டு கெடும். மூடி வைத்தால் சுற்றுக் கிணறுகள் கெடும். பாசனத்துக்குக் கட்டிய அணையில் நீரே வேண்டாம் என்று உழவர்கள் கேட்டுக்கொண்ட விந்தை வேறெங்கும் நடந்திராது.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கமாகக் கூடி 2003-இல் உயர் நீதிமன்றத்தை அணுகினர். 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: 2007 ஜூலை மாத முடிவுக்குள் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே செல்லாத முறைக்குப் பட்டறைகள் மாறவேண்டும், அதுவரை வெளியேற்றும் நீருக்கு லிட்டருக்கு 6 காசில் தொடங்கி 10 காசு வரை அபராதம் செலுத்தவேண்டும். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்து, மேலும் 3 மாத அவகாசம் தந்தது. அதன் பின்னரும் நீர் ஆற்றில் ஓடியதால், 2011 ஜனவரி 28-ஆம் நாள் உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகள் யாவற்றையும், அவற்றின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி, மின்சாரத்தைத் துண்டிக்குமாறு உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒருங்கே நின்றன.

நீதிமன்றத்தைக் குறை கூற நாம் முன்வரவில்லை. முதல் தீர்ப்புக்கும் கடைசி உத்தரவுக்கும் இடையே நான்காண்டுகள் கழிந்திருந்தன; பொறுமைக்கும் எல்லை உண்டு. நாம் கேட்பது வேறு. அந்த நான்காண்டுகளில் பட்டறை முதலாளிக்குத் தெரிந்திருந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிந்திருந்தது. வழக்கறிஞர்களுக்கும் வங்கிகளுக்கும் தெரிந்திருந்தது. சாயத் தொட்டியில் முழங்கை வரை கையை நனைத்து நின்றவனுக்கு மட்டும், மின்சாரம் நின்ற அன்று காலையில்தான் தெரிந்தது. உழவர்க்கு நஷ்ட ஈடு நிர்ணயிக்க, 1996-இல் வேலூர்த் தோல் பதனிடும் தொழில் பற்றி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் வழியே பிறந்த ஓர் ஆணையம் இருந்தது. சுத்திகரிப்பு நிலையங்களைச் சீர் செய்யப் பட்டறையாளர்க்கு 2011-இல் மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. லிட்டருக்கு இத்தனை காசு என்று வசூலிக்கப்பட்ட அபராதமோ தொழிலாளியின் கூலிக்கென விதிக்கப்பட்டதன்று. ஆற்றுக்கும் வயலுக்கும் இயந்திரத்துக்கும் இவ்வாறு ஏதோ ஒரு வகையில் இடம் கிடைத்தது.

சட்டத்தில் வழியே இல்லை என்று கூறிவிடவும் முடியாது. அப்போது நடைமுறையிலிருந்த 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில், வேலை கொடுக்க இயலாத நாட்களுக்குப் பாதிக் கூலி தரவேண்டும் என்ற விதி உண்டு. ஆனால் 50 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு அவ்விதி செல்லாது. பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கவேண்டும். ஓராண்டு தொடர்ந்து வேலை செய்திருக்கவும் வேண்டும். சிறு சாயப் பட்டறையில், காண்டிராக்டர் மூலம் வாரக் கூலிக்கு நின்ற ஒருவனுக்கு இம்மூன்றும் எங்ஙனம் பொருந்தும்? சட்டப் புத்தகம் அலமாரியில் இருந்தது. அவன் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இதன் பலன் யாதாயிற்று? சாய வேலை வேறு ஊர்களைத் தேடிப் புறப்பட்டது. அனுமதியற்ற பட்டறைகள் இரவோடிரவாக வேறு ஆற்றங்கரைகளில் முளைப்பதும், அதிகாரிகள் சென்று அவற்றை இடிப்பதும் செய்திகளாயின. இதை நாம் அழுத்திக் கூற விரும்புகிறோம்: கைத்தொழில் தெரிந்த, கூலியற்ற மனிதர்கள் இருக்கும் வரை, கெட்ட தொழிலுக்கு ஆள் கிடைக்காமற் போகாது. ஆதலின் தொழிலாளியின் இடைக்காலப் பிழைப்பைக் கவனிப்பது தரும காரியம் மட்டுமன்று. ஆற்றைக் காக்கும் ஏற்பாட்டின் ஒரு பகுதியுமாகும். பின்னர்த் திருப்பூர் மீண்டது என்பது உண்மை. உப்பையும் நீரையும் பிரித்தெடுத்து மீண்டும் சாயத்துக்கே பயன்படுத்தும் முறை அங்கு நிலைபெற்றது. நீரில் 90 விழுக்காட்டுக்கு மேல் திரும்பக் கிடைக்கிறது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் கூட்டாகச் சேர்ந்தே அதைச் சாதித்தன என்பதில் கூட்டுறவாளர்க்கு ஒரு மகிழ்ச்சியும் உண்டு. ஆனால் அந்தத் தொட்டிகள் எழும்பிக் கொண்டிருந்த மாதங்களில் ஊர் திரும்பியவர்களின் கடன் கணக்கு அந்த வெற்றியில் சேர்க்கப்படவில்லை.

சிவகாசியில் 2018 இறுதியில் நிகழ்ந்ததும் இதன் மறு அச்சே. அவ்வாண்டு அக்டோபர் 23-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைப் பட்டாசில் சேர்க்கத் தடை விதித்தது. பட்டாசு ஆலைகள் நவம்பரில் கதவடைத்து, 2019 மார்ச் வாக்கில்தான் மீண்டும் திறந்தன. இடையே விருதுநகர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முன் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். டில்லியின் காற்றைத் தூய்மை செய்யவேண்டியதுதான். அதற்காகச் சிவகாசிப் பெண் நான்கு மாதம் பட்டினி கிடக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. ஆனால் நடந்தது அதுவே. இத்தகைய கூட்டங்களைக் கண்டவுடன் கலகம், தூண்டுதல் என்று பேசத் தொடங்குவது அதிகாரிகளின் இயல்பு. தூண்டுவோர் உண்டு, தங்கள் நஷ்டத்தை மறைக்கத் தொழிலாளியை முன்னால் நிறுத்தும் முதலாளிகளும் உண்டு. ஆனால் ஈரமான விறகில் எவரும் தீ மூட்ட முடியாது. கூலிக்கு ஓர் ஏற்பாடு இருந்திருப்பின், முன்னால் நிற்க ஆள் கிடைத்திருக்கமாட்டார்.

இது தொழிலாளர் விவகாரம். வயலில் நிற்கும் நமக்கு என்ன என்று உழவர் அங்கத்தினர் எண்ணக்கூடும். அவர்கள் இலங்கையைச் சற்று நோக்கவேண்டும். 2021 ஏப்ரல் இறுதியில், இரசாயன உரத்தின் இறக்குமதியை நிறுத்தி நாடு முழுவதையும் இயற்கை வேளாண்மைக்குத் திருப்புவதாக அவ்வரசு அறிவித்தது. மே மாதத்தில் தடை அமலுக்கு வந்தது. நோக்கத்தைப் பழிக்க முடியாது. தொழு உரம் போதுமான அளவில் எங்கே கிடைக்கும், முதல் இரண்டு மூன்று போகங்களில் குறையும் விளைச்சலை யார் ஈடுசெய்வது என்பவற்றுக்கு மட்டும் ஆயத்தம் இல்லை. நெல் குறைந்தது, தேயிலை வாடியது, உழவர்கள் வீதிக்கு வந்தனர். நவம்பரில் தடை நீக்கப்பட்டது. நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி இலங்கை ரூபாய் நஷ்ட ஈடு என்று அரசு அறிவித்தது 2022 ஜனவரியில். அதாவது விளைச்சல் கெட்ட பின்பு. முன்னரே ஒரு பங்கைக் கொடுத்து, மாவட்டத்துக்கு ஒரு பகுதியாகத் தொடங்கியிருந்தால், இயற்கை வேளாண்மை என்ற சொல்லே அந்நாட்டு உழவர்க்குக் கசந்து போயிராது. நல்ல கொள்கைக்கு அவசரக்காரர் செய்யும் கேடு, அதன் பகைவரால்கூடச் செய்ய முடியாதது.

நமது நாட்டு இயற்கை விளைபொருள் சான்றிதழ் விதிகளில், நிலம் மாறுவதற்கு ஒரு காலம் கொடுக்கப்பட்டிருப்பதை உழவர் அறிவர். ஓராண்டுப் பயிருக்கு 2 ஆண்டும், பல்லாண்டுப் பயிருக்கு 3 ஆண்டும் மாறுதல் காலம். அக்காலத்தில் உரச் செலவு ஒரு புறம், விளைச்சல் குறைவு மறு புறம். விற்கும்போதோ சாதாரண விலைதான். மண்ணுக்கு மாறுதல் காலம் தேவை என்று ஒப்புக்கொள்ளும் சட்டம், அம்மண்ணில் நிற்பவனுக்கு அதே காலத்தில் சோறு தேவை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டாமா?

இது நடவாத காரியம் என்போர் இராமேசுவரத்துக்கோ தூத்துக்குடிக்கோ சென்று பார்க்கட்டும். மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காகக் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. கடலின் செல்வம் அழியாமல் இருக்கவேண்டும் என்பதற்காக ஒரு தொழிலையே இரண்டு மாதம் நிறுத்தும் உத்தரவு அது. ஆயினும் ஆண்டுதோறும் அங்கு கலகம் மூள்வதில்லை. தடைக்காலம் வரும் நாள் முன்னரே தெரியும். போகும் நாளும் தெரியும். குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. 2024-இல் அது 8,000 ரூபாய். இத்தொகை போதுமா என்றால் போதாது என்றே மீனவர் கூறுவர். நாமும் அப்படியே கூறுவோம். ஆனால் தடையும் நிவாரணமும் இரட்டை மாடுகளாக ஒரே நுகத்தில் பூட்டப்பட்டிருக்கின்றன. மேலூரிலும் திருப்பூரிலும் சிவகாசியிலும் இல்லாதது இதுவே.

இன்னும் அருகில், நமது சொந்த வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் சென்னை இராஜ்யத்தின் கைத்தறிகள் தேங்கி நின்றன. நெய்த துணி விற்காமல், நெசவாளர் கஞ்சித் தொட்டியைத் தேடி நின்ற காலம். அரசியல் தலைவர்களே துணி மூட்டையைத் தோளில் சுமந்து தெருவில் விற்றனர். அந்நிலையில் மத்திய அரசு 1953-இல் ஒரு சட்டம் இயற்றி, ஆலைத் துணிக்குக் கெஜத்துக்கு 3 பை வரி விதித்து, அதைக் கதர், கைத்தறித் தொழில்களின் அபிவிருத்திக்கென நிதியாக்கியது. ஒரு ரூபாய்க்கு 192 பை என்ற கணக்கு இளைஞர்களுக்குத் தெரிந்திராது; வாங்குபவர் உணராத அளவு சிறிய தொகை அது. ஆனால் அந்தச் சிறு தொகையைக் கொண்டே நெசவாளர்க்குப் பங்குத்தொகைக் கடன் கிடைத்தது. தனித் தனியே சாவுகாரரிடம் சிக்கிக் கிடந்தவர்கள் சங்கங்களில் சேர்ந்தனர். 1935-இலேயே தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் விரிந்தது. நாட்டுக்கு ஆலைகள் வேண்டும் என்று அன்று எவரும் மறுக்கவில்லை. மாறுதலால் ஆதாயம் அடைகிறவன் மாறுதலால் நசுங்குகிறவனுக்கு ஒரு பங்கைத் தரவேண்டும் என்ற நியாயம் சட்டமாயிற்று. நம்முடைய சங்கங்களில் பல அந்த 3 பையின் பிள்ளைகள். அதை மறந்துவிட்டு, பிறர் தொழில் மாறும்போது ‘அவரவர் பாடு’ என்று நாம் பேசலாகாது.

வெளிநாடுகளிலும் இரு வழிகளும் கண்டறியப்பட்டிருக்கின்றன. பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கங்களை மூடும் திட்டம் 1984 மார்ச் முதல் 1985 மார்ச் வரை நீண்ட வேலைநிறுத்தத்தில் முடிந்தது. சுரங்க ஊர்களின் காயம் பல்லாண்டு ஆறவில்லை. ஜெர்மனியில், 1957-இல் சுமார் 6 லட்சம் பேர் உழைத்த அதே தொழிலைப் படிப்படியாகக் குறைத்து, 2018-க்குள் முடிப்பதென 2007-இல் அரசும் சுரங்க நிறுவனமும் தொழிற்சங்கமும் உடன்பட்டன. 2018 டிசம்பரில் பாட்ராப் நகரின் கடைசிச் சுரங்கம் மூடப்பட்டபோது, வயதானோர்க்கு முன்கூட்டிய ஓய்வூதியமும் இளையோர்க்கு வேறு வேலையும் ஏற்பாடாகியிருந்தன. அந்நாட்டின் செல்வம் நமக்கு இல்லை என்பது மெய். ஆனால் 11 ஆண்டு முன்னறிவிப்புக் கொடுப்பதற்குச் செல்வம் தேவையில்லை.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பர். கெடுத்தவரிடம் வசூலிக்கும் அபராதத்தில் ஒரு பங்கு தொழிலாளியின் இடைக்காலக் கூலிக்கென்று உத்தரவிலேயே எழுதப்படவேண்டும். கனிமத் தொழிலில் இதற்கு ஓர் உருவமும் உண்டு. 2015-இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டு, குத்தகைதாரர் செலுத்தும் தொகையைக் கொண்டு மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை அமைக்க வழி செய்யப்பட்டது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கு அந்நிதி. மேலூர்க் குவாரிகள் மூடி மூன்றாண்டு கழிந்த பிறகு வந்த சட்டம் அது. சுரங்கம் தோண்டியதால் பாதிக்கப்பட்டோர் போலவே, சுரங்கம் மூடியதால் கூலியிழந்தோரும் பாதிக்கப்பட்டோரே என்று அதற்குப் பொருள் கொள்ளவேண்டும் என்பது நமது கருத்து. 2020-இல் இயற்றப்பட்ட தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்தில், ஆட்குறைப்பு செய்யப்பட்டவனின் மறுபயிற்சிக்கென முதலாளி 15 நாள் கூலியைச் செலுத்தவேண்டும் என்ற விதி சேர்ந்திருக்கிறது. 15 நாளில் ஒருவன் புதுத் தொழில் கற்றுவிடுவான் என்று எண்ணியவர் தறிக்குழியில் ஒருநாளும் இறங்கியிராதவர். எனினும் கொள்கையளவில் ஒரு படி.

கெடுதல் வருமுன் தடுப்பதே மிகவும் மலிவு என்பதையும் மேலூரே காட்டியது. 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியை உள்ளடக்கி, 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிக்கப்பட்டபோது, சுற்றுவட்டார மக்கள் ஒன்று திரண்டனர். 2025 ஜனவரி 7-ஆம் நாள் மேலூரிலிருந்து மதுரைக்குப் பேரணியாக வந்தனர். அம்மாதம் 23-ஆம் நாள் ஏலம் ரத்தாயிற்று. இன்னும் தோண்டாத சுரங்கமாதலின் எவர் கூலியும் அதில் தொங்கவில்லை. ஆகவே ஊரும் இரண்டுபடவில்லை. பத்தாண்டு தோண்டிய பின் இதே போராட்டம் எழுந்திருந்தால், பேரணிக்கு எதிரே இன்னொரு பேரணி நின்றிருக்கும்.

இனி நமது காரியம். மதுரையிலும் சாயம் இருக்கிறது. சுங்குடிச் சேலை 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமையுடையது. சாயத்தொட்டி நீர் எங்கு போகிறது என்ற கேள்வி ஒருநாள் நம் வாசலுக்கும் வரும், வரவேண்டியதும் நியாயம். அவ்வாறு வரும்போது உழவர் அங்கத்தினர் ஒரு புறமும் சாயமேற்றும் அங்கத்தினர் மறு புறமும் நின்று வழக்காடுவதை நாம் காண விரும்பவில்லை. பொதுச் சுத்திகரிப்புத் தொட்டிக்கான மனுவை உழவரும் சேர்ந்து கையொப்பமிட்டு அனுப்பட்டும். தொட்டி கட்டி முடியும் வரை சாயத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி என்ற கோரிக்கையும் அதே மனுவில், அதே தாளில் இருக்கட்டும்.

கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களில் நெசவாளர் தமது கூலியில் ரூபாய்க்கு 8 காசு செலுத்த, அரசு 4 காசு சேர்க்கும் சேமிப்புத் திட்டம் பழக்கத்தில் உள்ளதை அங்கத்தினர் அறிவர். அதே கணக்கைச் சாயத் தொழிலாளிக்கும், தார் சுற்றுபவர்க்கும், பாவு ஓட்டுபவர்க்கும், கஞ்சி போடுபவர்க்கும் விரித்துக் கேட்பதில் தவறென்ன? அவர்கள் கையின்றி ஒரு சேலையும் தறியை விட்டு இறங்குவதில்லை. ஆனால் தறி நெய்பவரே சங்க அங்கத்தினர். ஏனையோர் அவருக்குக் கூலியாட்கள் என்பதே வழக்கமாக இருந்து வருகிறது. திருப்பூர்ச் சாயத் தொழிலாளிக்கு நேர்ந்த கதி, பட்டியலில் பெயரில்லாமையால் நேர்ந்தது. நிவாரணம் ஒருநாள் வந்தாலும், பெயரில்லாதவர்க்கு அது வந்து சேராது.

ஆகவே, ஒவ்வொரு சங்கமும் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு துணைப் பதிவேடு திறக்கும் தீர்மானத்தைச் சேர்க்குமாறு வேண்டுகிறோம். பெயர், வயது, செய்யும் வேலை, யாரிடம் செய்கிறார், எத்தனை ஆண்டாக, வங்கிக் கணக்கு உண்டா என்ற ஆறு பத்திகள் போதும். உழவர் சங்கங்களில் நடவாட்கள், களையெடுப்போர், அறுவடை எந்திரம் வந்தபின் வேலை சுருங்கியோர் ஆகியோரை எழுதலாம். நகல் ஒன்றை மாவட்ட ஆட்சியர்க்கும், மற்றொன்றைக் கைத்தறித் துறைக்கோ வேளாண்மைத் துறைக்கோ அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி வைக்கவேண்டும். செலவு ஒரு நோட்டும் ஒரு செயலாளரின் சில மாலை வேளைகளுமே. நெசவாளர் சங்கங்கள் இதனைச் சுங்குடிக்கு முடிச்சுக் கட்டும் பெண்களிலிருந்து தொடங்குவது நலம். வீட்டுத் திண்ணையிலிருந்தே வேலை செய்வதால், எந்தப் பட்டியலிலும் முதலில் விடுபட்டுப் போகிறவர்கள் அவர்களே.